காட்டிக் கொடுத்த 32 எழுத்துகள்!



இந்த வாரம் உங்களுக்கு ஒரு துப்பறியும் கதை சொல்லப் போகிறேன். இதில் திருடனும் இல்லை, போலீசும் இல்லை. ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு சி.டி., ஒரு மாணவன், அவசரப்பட்டு அவன்மீது பழி போட்ட ஒரு டீச்சர்... அவ்வளவுதான்! அந்த டீச்சர் வேறு யாருமில்லை, நான்தான்!

2009-ம் ஆண்டு நடந்தது இது. அப்போது நான் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்த்தேன். எங்கள் பள்ளியில் படித்து, நல்ல வேலைக்குப் போன ஒருவர், தாம் வைத்திருந்த பழைய கம்ப்யூட்டரைப் பள்ளிக்குக் கொடுத்தார். மாணவர்களுக்கு ஒரே குஷி! ஆனால், அதில் வைரஸ் புகுந்திருந்தது. சுவிட்சைப் போட்டுவிட்டு, ஒரு பாடத்தையே நடத்தி முடித்து விடலாம். அவ்வளவு மெதுவாக விழித்துக் கொள்ளும். சரி செய்யப் பள்ளியில் பணம் இல்லை.

பொறியியல் படித்துக் கொண்டிருந்த என் அண்ணன் மகனிடம் சொன்னேன். "கவலைப்படாதீங்க அத்தை! லினக்ஸ் போட்டுடலாம். காசே வேண்டாம்" என்றான்.

லினக்ஸ் என்றால் என்ன?

கம்ப்யூட்டரின் பாகங்கள் எல்லாவற்றையும் வேலை வாங்கும் மேஸ்திரி போன்ற மென்பொருள் ஒன்று உண்டு. அதை இயங்குதளம் என்கிறோம். 1991-ம் ஆண்டு, பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர், அதன் உட்கருவை எழுதத் தொடங்கினார். எழுதியதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம் என்று திறந்து வைத்தார். உலகம் முழுவதும் இருந்து பலர் சேர்ந்து அதை வளர்த்தார்கள். அதுதான் லினக்ஸ்!

இதை அடிப்படையாக வைத்துப் பல தொகுப்புகள் வந்தன. 2004-ல் வந்த உபுண்டு அவற்றில் ஒன்று. கேட்டவர்களுக்கு அதன் சி.டி.யைத் தபாலில் இலவசமாகவே அனுப்பி வந்தார்கள். இந்தச் சேவை 2011-ல் நின்றது. நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்பதும் லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

தபாலுக்குக் காத்திருக்க எங்களுக்குப் பொறுமை இல்லை. அண்ணன் மகன் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து உபுண்டுவைப் பதிவிறக்கினான். அந்தக் கோப்பு சுமார் 700 எம்.பி. இன்று சில நிமிட வேலை. அன்றைக்கு அந்தக் கடையில் இருந்த இணைய வேகம் 256 கே.பி.பி.எஸ்.தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 மணி நேரத்துக்கு மேல் வரும்! நடுவில் இரண்டு முறை கரண்ட் போனது. ஆனாலும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து முடித்து, சி.டி.யில் எழுதிக் கொண்டு வந்தான்.

இந்தக் கரண்ட் விஷயத்தை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் வரும்!

கை தவறி விழுந்தது!

திங்கட்கிழமை காலை. ஆசிரியர் அறையில் இருந்த சி.டி.யை எடுத்து வரச் சொல்லி, ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனை அனுப்பினேன். அவன் ஆசையாக ஓடினான். திரும்பி வரும்போது வராந்தாவில் கை தவறிவிட்டது. உறையிலிருந்து நழுவிய சி.டி., மணல் கிடந்த சிமென்ட் தரையில் உரசிக் கொண்டு போனது. பளபளப்பான பக்கத்தில் மெல்லிய கீறல்.

"பரவாயில்லை, கொடு" என்று வாங்கிப் போட்டேன். எல்லாம் நன்றாகவே ஆரம்பித்தது. 10 சதவீதம்... 30... 50... மாணவர்கள் சத்தமாக எண்ணினார்கள். 62 சதவீதத்தில் நின்றது! திரையில் ஆங்கிலத்தில் ஒரு பிழைச் செய்தி.

அந்தச் செய்தி ஐந்தாறு வரி இருந்தது. நான் அதில் படித்தது 'சி.டி.' என்ற ஒரே ஒரு சொல்லைத்தான். எனக்கு வந்ததே கோபம்! "உன்னாலதான்டா! ஒரு சி.டி.யைப் பத்திரமாக் கொண்டு வரத் தெரியாதா?" என்று எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டேன்.

அவன் ஒன்றும் பேசவில்லை. போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். அன்று மதியம் அவன் சாப்பிடவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

ஒரு மாணவி கேட்ட கேள்வி

மறுநாள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி நோட்டுடன் வந்தாள். திரையில் வந்த செய்தி முழுவதையும் பார்த்து எழுதி வைத்திருந்தாள்!

"டீச்சர், அகராதி வெச்சுப் படிச்சேன். சி.டி. கெட்டிருக்கலாம், சி.டி. டிரைவ் கெட்டிருக்கலாம், ஹார்டு டிஸ்க் கெட்டிருக்கலாம்னு போட்டிருக்கு. சி.டி.யைத் துடைச்சுப் பாருங்க, மெதுவான வேகத்துல எழுதிப் பாருங்க, கம்ப்யூட்டரைக் குளிர்ச்சியான இடத்துல வைங்கன்னுகூட இருக்கு. அப்புறம் எப்படி டீச்சர் கீறல்தான் காரணம்னு சொன்னீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. அவள் விடவில்லை.

"நீங்கதானே செடி சோதனையில சொல்லிக் கொடுத்தீங்க? வெயில்ல ஒரு செடி, நிழல்ல ஒரு செடி வைக்கணும். தண்ணி, மண் எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும். ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும்தான் மாத்தணும்னு?"

நான் நடத்திய பாடத்தை எனக்கே திருப்பி நடத்திவிட்டாள்! வெட்கமாக இருந்தது. கூடவே பெருமையாகவும் இருந்தது. "சரி, சோதித்துப் பார்ப்போம்" என்றேன். கடைசி பெஞ்சில் இருந்தவனையும் கூப்பிட்டேன். தயங்கித் தயங்கி வந்தான்.

கீறல் விழுந்தால் என்ன ஆகும்?

சோதனைக்கு முன்னால் சி.டி.யைக் கொஞ்சம் தெரிந்து கொள்வோமா? அதன் விட்டம் 12 செ.மீ., தடிமன் 1.2 மி.மீ. தகவல்கள் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒரே சுருளாக எழுதப்பட்டிருக்கும். அந்தச் சுருளை நீட்டினால் 5 கிலோ மீட்டருக்கு மேல் வரும்! லேசர் கதிர் பளபளப்பான பக்கத்தின் வழியாக உள்ளே போய், எதிர்ப்பக்கம் உள்ள படலத்தில் பட்டுத் திரும்பும். அந்தப் படலம், பெயர் எழுதும் பக்கத்தை ஒட்டி இருக்கிறது. அதனால் பெயர் எழுதும் பக்கத்தில் விழும் கீறல்தான் மிகவும் ஆபத்து!

பளபளப்பான பக்கத்தில் சின்னக் கீறல் விழுந்தால் சி.டி. பெரும்பாலும் சமாளித்துக் கொள்ளும். எப்படி? இதோ பாருங்கள். 3, 5, 7 என்ற எண்களை எழுதி, கூட்டுத்தொகை 15 என்றும் எழுதி வையுங்கள். நடுவில் உள்ள எண் அழிந்து விட்டது. 3, ?, 7, மொத்தம் 15. அழிந்த எண் என்ன? உடனே சொல்லி விடுவீர்கள் அல்லவா! இதைவிடப் பல மடங்கு நுட்பமான கணக்கு சி.டி.யில் இருக்கிறது. இர்விங் ரீட், கஸ்டாவ் சாலமன் என்ற இரு கணித அறிஞர்கள் 1960-ல் வெளியிட்ட முறை அது. ஆனால், கீறல் பெரிதானால் அந்தக் கணக்கும் கை விரித்து விடும்.

சரி, எங்கள் சி.டி.யில் நடந்தது என்ன?

ஒவ்வொன்றாகச் சோதித்தோம்

சோதனை 1: மெல்லிய பருத்தித் துணியால் சி.டி.யைத் துடைத்தோம். வட்டமாகத் துடைக்கக் கூடாது. நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்துக் கீறல் விழுந்தால், சுருளின் போக்கிலேயே நீளமாகத் தகவல் போய்விடும். துடைத்துப் போட்டோம். மறுபடியும் 62 சதவீதத்திலேயே நின்றது.

சோதனை 2: அப்போதைய உபுண்டு சி.டி. ஆரம்பிக்கும்போது வந்த பட்டியலில், சி.டி.யில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் வசதி ஒன்று இருந்தது. அண்ணன் மகன் போனில் சொல்லச் சொல்ல அதை இயக்கினோம். 'ஒரு கோப்பில் பிழை' என்று வந்தது. இந்தச் சோதனை ஹார்டு டிஸ்க்கைத் தொடுவதே இல்லை. ஆகவே, ஹார்டு டிஸ்க் மேல் இருந்த சந்தேகம் குறைந்தது!

சோதனை 3: பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் அனுமதி வாங்கி, அங்கிருந்த கம்ப்யூட்டரில் அதே சி.டி.யைப் போட்டு, அதே சோதனையை மட்டும் செய்தோம். அங்கும் ஒரு கோப்பில் பிழை! அப்படியானால், எங்கள் சி.டி. டிரைவும் குற்றவாளி இல்லை. நினைவகமும் இல்லை. சி.டி.தான் குற்றவாளி.

"பார்த்தீர்களா, கீறல்தான்!" என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. நல்லவேளை, அடக்கிக் கொண்டேன். இன்னும் ஒரு சோதனை பாக்கி இருந்தது.

சோதனை 4: அண்ணன் மகன் அதே கோப்பைப் புதிய சி.டி. ஒன்றில், மெதுவான 8 மடங்கு வேகத்தில் எழுதிக் கொண்டு வந்தான். கீறலே இல்லாத புத்தம் புது சி.டி.! சோதித்தோம். என்ன வந்தது தெரியுமா?

'ஒரு கோப்பில் பிழை!' அதுவும் அதே கோப்பில்!

வகுப்பே அமைதியானது. கடைசி பெஞ்சு மாணவன் தலை நிமிர்ந்தான். "டீச்சர், இதுல கீறல் இல்லையே..." என்று மெதுவாகச் சொன்னான். நேற்றிலிருந்து அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

கோப்புக்கும் கைரேகை உண்டு!

இரண்டு சி.டி.யும் ஒரே கோப்பிலிருந்து எழுதியவை. அப்படியானால் அந்தக் கோப்பே தவறாக இருக்குமோ? பிழைச் செய்தி இதைச் சொல்லவே இல்லை! செய்தியில் சொல்லாத காரணமும் இருக்கலாம் என்பதை அன்றுதான் தெரிந்து கொண்டேன்.

அதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. மனிதர்களுக்குக் கைரேகை இருப்பது போல, கோப்புகளுக்கும் ஒரு கைரேகை கணக்கிடலாம். உபுண்டுவுக்கு அப்போது பயன்பட்டது 'எம்.டி.5' என்ற முறை. எவ்வளவு பெரிய கோப்பாக இருந்தாலும் அதைக் கணக்குப் போட்டு, 32 எழுத்துகளாகச் சுருக்கித் தரும். 0 முதல் 9 வரையிலான எண்களும், ஆங்கிலத்தின் முதல் 6 எழுத்துகளும் கலந்து வரும். 700 எம்.பி. கோப்பில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் போதும். அந்த 32 எழுத்தும் தலைகீழாக மாறிவிடும்! கோப்பைத் தருபவர்கள் சரியான கைரேகையைத் தங்கள் தளத்தில் வெளியிடுவார்கள். நம்மிடம் உள்ள கோப்பின் கைரேகையை நாமே கணக்கிட்டு, இரண்டையும் ஒப்பிட வேண்டியதுதான்.

அண்ணன் மகன் இரண்டு துண்டுத் தாள்களைக் கொடுத்தனுப்பினான். ஒன்றில் தளத்தில் வெளியான கைரேகை. இன்னொன்றில் எங்கள் கோப்பின் கைரேகை. நோட்டு எழுதிய மாணவி ஒன்றைப் பிடித்தாள். இன்னொன்றைக் கடைசி பெஞ்சு மாணவன் கையில் கொடுத்தேன். "ஒவ்வொரு எழுத்தாகப் படி" என்றேன்.

முதல் எழுத்தே வேறு! வகுப்பு 'ஓ'வென்று கத்தியது.

குற்றவாளி பிடிபட்டது! பதிவிறக்கும்போது இரண்டு முறை கரண்ட் போனதே, நினைவிருக்கிறதா? விட்ட இடத்தில் தொடர்ந்தபோது எங்கோ ஒரு துண்டு பிசகி இருக்க வேண்டும் என்றான் அண்ணன் மகன். கோப்பின் அளவு சரியாக இருந்ததால் அவனுக்கும் சந்தேகம் வரவில்லை. அந்த மாணவன் சி.டி.யைக் கையில் வாங்குவதற்கு முன்பே, அதற்குள் பிழை இருந்திருக்கிறது!

எல்லோர் முன்னாலும் திட்டினேன் அல்லவா? அதனால் எல்லோர் முன்னாலும்தான் மன்னிப்புக் கேட்டேன். "தப்பு என் மேலதான்ப்பா. சோதிக்காமலே உன்னைச் சொல்லிட்டேன்" என்றேன். அவன் சிரித்துக் கொண்டே, "பரவாயில்ல டீச்சர். ஆனா நானும் சி.டி.யை ஜாக்கிரதையா எடுத்துட்டு வந்திருக்கணும்" என்றான். யார் டீச்சர், யார் மாணவன் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது!

அடுத்த வாரம் புதிதாகப் பதிவிறக்கி, முதலில் 32 எழுத்தையும் ஒப்பிட்டோம். எல்லாம் சரி! சி.டி.யில் எழுதிப் போட்டோம். 60... 61... 62... எல்லோரும் மூச்சைப் பிடித்துக் கொண்டார்கள். 63! அன்று எழுந்த கைதட்டலில் தலைமை ஆசிரியரே ஓடி வந்து விட்டார். 'முடிந்தது' என்ற பொத்தானை அழுத்தியது யார் என்று நினைக்கிறீர்கள்? அவனேதான்!

உங்களுக்கு வந்தால்...

எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் கவனியுங்கள்.

* சி.டி. ஆரம்பிக்கவே இல்லையா? வேறு கம்ப்யூட்டரில் அதைத் திறந்து பாருங்கள். பல கோப்புகள் இருக்க வேண்டும். ஒரே ஒரு பெரிய ஐ.எஸ்.ஓ. கோப்பு மட்டும் இருந்தால், எழுதிய முறை தவறு. அதைச் சாதாரணக் கோப்பாக நகல் எடுக்கக் கூடாது. 'படிமமாக' எழுத வேண்டும்.

* சி.டி. சரியாக இருந்தும் பழைய இயங்குதளமே வருகிறதா? கம்ப்யூட்டர் முதலில் ஹார்டு டிஸ்க்கைத் தேடுகிறது என்று அர்த்தம். எதை முதலில் தேட வேண்டும் என்ற வரிசையைப் பெரியவர்கள் உதவியுடன் மாற்றுங்கள்.

* ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கிறதா? கோப்பும் சி.டி.யும்தான் முதல் சந்தேகம். கைரேகையைச் சோதியுங்கள்.

* ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நிற்கிறதா? நினைவகத்திலோ, சூட்டிலோ, டிரைவிலோ கோளாறு இருக்கலாம். நினைவகத்தைச் சோதிக்க 'மெம்டெஸ்ட்' என்ற இலவச மென்பொருள் உண்டு.

இப்போது வரும் பல கம்ப்யூட்டர்களில் சி.டி. டிரைவே இல்லை. இன்றைய உபுண்டு 4.7 ஜி.பி. கொள்ளும் டி.வி.டி.யில்கூட அடங்காது. பென் டிரைவில்தான் எழுதுகிறார்கள். கைரேகையும் 64 எழுத்தாக வளர்ந்து விட்டது. ஆனால், சோதிக்கும் முறை அதேதான்! பென் டிரைவில் எழுதும் முன் கைரேகையை ஒப்பிட்டால், பாதிப் பிரச்னை வராமலே போய்விடும்.

முக்கியமான எச்சரிக்கை: அப்பா, அம்மா அனுமதி இல்லாமல் வீட்டுக் கம்ப்யூட்டரில் எந்த இயங்குதளத்தையும் நிறுவாதீர்கள். 'ஹார்டு டிஸ்க் முழுவதையும் அழி' என்ற ஒரே ஒரு சொடுக்கில் குடும்பப் போட்டோக்கள் எல்லாம் போய்விடும். தேவையானவற்றை வேறு இடத்தில் நகல் எடுத்த பிறகே தொடங்க வேண்டும்.

செய்து பாருங்கள்!

கம்ப்யூட்டர் இல்லையா? கவலை வேண்டாம். பின் அட்டையில் 13 இலக்க ஐ.எஸ்.பி.என். எண் அச்சிட்ட புத்தகம் ஒன்றை எடுங்கள். முதல் இலக்கத்தை 1-ஆல் பெருக்குங்கள். அடுத்ததை 3-ஆல் பெருக்குங்கள். மறுபடியும் 1, மறுபடியும் 3... இப்படியே கடைசி வரை பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுங்கள். விடையின் கடைசி இலக்கம் 0 ஆக இருக்கும்! வேண்டுமென்றே ஓர் இலக்கத்தை மாற்றி எழுதிக் கூட்டுங்கள். 0 வராது. தவறு நடந்தால் காட்டிக் கொடுப்பதற்கென்றே கடைசி இலக்கத்தைச் சேர்த்திருக்கிறார்கள். எங்கள் 32 எழுத்தும் இதன் பெரியண்ணன்தான்.

குழந்தைகளே! வீட்டில் ஒரு பொருள் உடைந்தாலோ, வகுப்பில் ஒரு பென்சில் காணாமல் போனாலோ, உடனே "நீதானே!" என்று விரல் நீட்டத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அப்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். "எப்படித் தெரியும்?" என்று உங்களையே கேட்டுக் கொள்ளுங்கள். ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். தவறு உங்கள் பக்கம் என்று தெரிந்தால், தயங்காமல் மன்னிப்புக் கேளுங்கள்.

அந்தக் கீறல் விழுந்த சி.டி. இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. யார் மீதாவது அவசரப்பட்டுக் கோபம் வந்தால், அதை ஒருமுறை எடுத்துப் பார்த்துக் கொள்வேன்.

வரட்டுமா, குழந்தைகளே!